பெரிய அளவில் கிரால் செய்யும்போது வேகம் கூட்டுவது எப்படி: வரிசைப்படி ஒரு வழிகாட்டி

மண்டபத்தில் இருந்துகொண்டு கடல், மீன்பிடி, வானிலை தொடர்பான தமிழ்ப் பக்கங்களைக் கிரால் செய்யும் வேலையை, அதாவது நிரலை வைத்துத் தளங்களின் பக்கங்களைத் தானாக இழுத்துத் திரட்டும் வேலையை, சில வருடங்களாகச் செய்துவருகிறேன். ராமநாதபுரம், கீழக்கரை பக்கத்து மாணவர்கள் வந்து கூடவே உட்கார்ந்து பழகுவார்கள். முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "அண்ணே, 500 கனெக்ஷன் வச்சும் நொடிக்கு 5 பக்கம்தான் வருது."

500ஐ 1000 ஆக்கினாலும் 5 தான் வரும். ஒரு தளத்தை அது தாங்கும் வேகத்துக்கு மேல் இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. பல தளங்களை ஒரே நேரத்தில் நிதானமாக இழுக்கலாம். மொத்த வேகம் அங்கிருந்துதான் வருகிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். அளக்காமல் நேரே அமைப்புகளைத் திருகப் போனவர்கள் எல்லோரும் இரண்டாம் படிக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன்

வீட்டு பிராட்பேண்டில் இருந்து பெரிய கிரால் ஓட்டாதீர்கள். வீட்டு ரவுட்டர் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்ளும் கனெக்ஷன்களுக்கு ஓர் அளவு உண்டு. அது நிரம்பினால் புதிய கனெக்ஷன்கள் காரணம் சொல்லாமல் விழும். நீங்கள் தளத்தின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள். காற்றுக் காலத்தில் இங்கே மின்சாரம் போய் வருவது வேறு. நிரலை மடிக்கணினியில் எழுதுங்கள். ஓட்டுவதற்கு வாடகை சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி வட்டு இருந்தால் தொடங்கப் போதும்.

லினக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை வழக்கமாக 1024. ஒவ்வொரு கனெக்ஷனும் அதில் ஒன்றாகக் கணக்காகும். இதை முதலிலேயே உயர்த்திவிடுங்கள்.

கிராலரின் பெயரையும், தள உரிமையாளர் உங்களைத் தொடர்புகொள்ள ஒரு முகவரியையும் யூசர் ஏஜெண்ட் வரியில் (கேட்பது யார் என்று ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் வரி) எழுதுங்கள். பிரவுசர் போல வேஷம் போடாதீர்கள். ஏதாவது தவறு நடந்தால், முகவரி இருப்பவனுக்கு மின்னஞ்சல் வரும். இல்லாதவனுக்குத் தடைதான் வரும்.

கடைசியாக, உங்களுக்கு வேண்டிய பக்கங்கள் ஏற்கெனவே காமன் கிரால் (வலைப்பக்கங்களைத் திரட்டிப் பொதுவில் தரும் அமைப்பு) திரட்டில் இருக்கிறதா என்று அதன் அட்டவணையில் தேடிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடலாம். தளங்களின் சைட்மேப்பையும் (தளமே தரும் பக்க முகவரிப் பட்டியல்) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை இருக்கலாம். அத்தனை லிங்க்கைப் பக்கம் பக்கமாகத் தேடி அலைவதைவிட ஒரு கோப்பைப் படிப்பது எவ்வளவோ மேல்.

1. முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

ஒரு தளத்துக்கு 2 நொடிக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் ஒரு நாளில் 43,200 பக்கம். அந்தத் தளத்தில் 3 லட்சம் பக்கம் இருந்தால் ஏறக்குறைய 7 நாள் ஆகும். இயந்திரத்தைப் பெரிதாக்கி இந்த 7 நாளை ஒரு மணி நேரம்கூடக் குறைக்க முடியாது. பாம்பன் ரயில் பாலம் தூக்கும் வரை பெரிய படகுகளும் கப்பல்களும் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் எத்தனை குதிரைத்திறனாக இருந்தாலும் பாலம் தூக்கினால்தான் வழி.

ஆனால் 10 லட்சம் பக்கம் 500 தளங்களில் சமமாகப் பரவி இருந்தால், தளத்துக்கு 2000 பக்கம்; ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடிந்துவிடும். என்றாலும் சமமாகப் பரவி இருந்ததை நான் பார்த்ததே இல்லை. மூன்று நான்கு செய்தித் தளங்களே பாதியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மொத்த வேலையின் நீளத்தைத் தீர்மானிப்பது ஆகப் பெரிய தளம். அதை முதல் நாளே, முதல் நிமிடமே தொடங்குங்கள். புதியவர்கள் சின்னத் தளங்களை முடித்துவிட்டுப் பெரியதைக் கடைசியில் எடுக்கிறார்கள். கடைசி ஐந்து நாள் ஒரே ஒரு தளத்துக்காக மொத்த சர்வரும் சும்மா ஓடும்.

கனெக்ஷன் எத்தனை வேண்டும் என்பதும் இப்போதே தெரிந்துவிடும். நொடிக்கு 50 பக்கம் இலக்கு, ஒரு பக்கம் வர 2 நொடி என்றால் 50 பெருக்கல் 2, அதாவது 100 கனெக்ஷன். தளத்துக்கு 2 நொடி இடைவெளி என்றால், எந்த நேரத்திலும் குறைந்தது 100 தளங்கள் கைவசம் இருக்க வேண்டும். 10 தளம்தான் இருக்கிறது என்றால் நொடிக்கு 5 பக்கம். அந்த மாணவரின் 5 இங்கிருந்துதான் வந்தது.

2. ஒவ்வொரு பக்கத்தின் நேரத்தையும் துண்டு துண்டாக அளந்து பாருங்கள்

"ஒரு பக்கத்துக்கு 4 நொடி ஆகிறது" என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. அதைப் பிரியுங்கள்: வரிசையில் காத்திருந்த நேரம், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி என்ற எண் முகவரியாக மாற்றுவது), கனெக்ஷன், டிஎல்எஸ் (மறையாக்கத்துக்கான கைகுலுக்கல்), முதல் பைட் வரும் வரை, முழுப் பக்கமும் வந்து சேர, பாகுபடுத்த (பக்கத்தைப் பிரித்து லிங்க்கும் உரையும் எடுக்க), வட்டில் எழுத. எட்டு எண்களையும் லாக்கில் ஒரே வரியாக எழுதினால் போதும்.

சராசரியைப் பார்க்காதீர்கள். நேரங்களைச் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கி, நடு மதிப்பையும், 100க்கு 95ஆவது மதிப்பையும் பாருங்கள். நடு மதிப்பு நன்றாக இருந்து 95ஆவது மோசமாக இருந்தால் செத்துப்போன தளங்கள் உங்கள் கனெக்ஷன்களைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று அர்த்தம். இரண்டும் மோசமாக இருந்து, டிஎன்எஸ் நேரம் துருத்திக்கொண்டு நின்றால் 5ஆம் படி. பாகுபடுத்தும் நேரம் என்றால் 7ஆம் படி. வரிசையில் காத்திருந்த நேரம்தான் பெரியது என்றால், பெரும்பாலும் அதுதான், அடுத்த படி.

3. தளத்துக்கு ஒரு வரிசை, மேலே ஒரு கடிகாரம்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தாலே கிராலரின் முகம் மாறிவிடும்.

எல்லோரும் முதலில் எழுதுவது ஒரே நீள வரிசை: முன்னால் இருந்து ஒரு முகவரியை எடு, பக்கத்தைக் கொண்டுவா, அதிலுள்ள லிங்க்குகளைப் பின்னால் சேர். ஒரு பக்கத்தில் உள்ள லிங்க்குகளில் பெரும்பகுதி அதே தளத்துக்கே போகும். அதனால் வரிசையில் ஒரே தளத்தின் முகவரிகள் கொத்துக் கொத்தாகச் சேரும். 100 வொர்க்கர்களும் (ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை இழுக்கும் நிரல் பகுதிகள்) அந்தக் கொத்தின் முன் வந்து நின்று, ஒன்று இழுக்க, 99 இடைவெளி முடியட்டும் என்று தூங்கும்.

சரியான அமைப்பு இது. தளத்துக்கு ஒரு தனி வரிசை. ஒவ்வொரு தளத்துக்கும் "அடுத்து எப்போது போகலாம்" என்ற நேரம். அந்த நேரங்களை மட்டும் ஒரு ஹீப்பில் (ஆகச் சிறியதை எப்போதும் மேலே வைக்கும் தரவு அமைப்பு) போட்டு வைத்தால், யாருடைய நேரம் முதலில் வருகிறதோ அந்தத் தளம் மேலே வரும். வொர்க்கர் ஹீப்பின் தலையில் உள்ள தளத்தை எடுக்கும், ஒரு பக்கம் இழுக்கும், புதிய நேரம் போட்டுத் திரும்ப உள்ளே வைக்கும். மீன்துறை டோக்கன் கொடுத்தால்தான் ராமேஸ்வரம் விசைப்படகு கடலுக்குப் போகும். அதுபோலத் தளத்தின் டோக்கன் கையில் இல்லாமல் எந்த வொர்க்கரும் கிளம்பக் கூடாது. டோக்கன் உள்ள தளம் இருக்கும்போது எந்த வொர்க்கரும் சும்மா நிற்கக் கூடாது.

தளம் என்பதை எதை வைத்து அடையாளம் காண்பது? டொமைன் பெயர் மட்டும் போதாது. இதை நான் தவறு செய்து கற்றேன். ஒரு முறை ஊர் ஊராகச் சின்னத் தளங்களைத் திரட்டியபோது, டொமைனுக்கு 2 நொடி என்று ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். அவற்றில் 30க்கு மேற்பட்டவை ஒரு சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஒரே சர்வரில் இருந்தன. அந்த சர்வருக்கு நொடிக்கு 15 கோரிக்கை போய், மதியம் முழுக்க அத்தனை தளங்களும் படுத்துவிட்டன. கோயில் தளம், பள்ளித் தளம், ஒரு மருந்துக் கடையின் தளம் எல்லாம் அதில் இருந்தன. யூசர் ஏஜெண்டில் இருந்த முகவரியைப் பார்த்து அவர்கள் எழுதிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஐபி முகவரிக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கிறேன். கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன்களின் (பல தளங்களின் பக்கங்களைத் தங்கள் சர்வர்கள் வழியாகத் தரும் சேவைகள்) ஐபிக்குப் பின்னால் எண்ணற்ற தளங்கள் இருக்கும். அங்கே மட்டும் வரம்பைத் தளர்த்திக்கொள்ளலாம்.

வரிசை முழுவதையும் ராமில் வைக்காதீர்கள். தளத்துக்கு அடுத்த 50, 100 முகவரிகள் ராமில் இருந்தால் போதும்; மீதி ராக்ஸ்டிபி போன்ற வட்டுச் சேமிப்பில் இருக்கட்டும். சர்வர் விழுந்து எழுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடர வேண்டும். மூன்றாம் நாள் விழுந்து, முதலில் இருந்து தொடங்கினால், தளங்களுக்கும் அது இரட்டைச் சுமை.

இயந்திரங்களைப் பல ஆக்கும்போது டொமைன் பெயரின் ஹேஷை (பெயரில் இருந்து கணக்கிடும் மாறாத எண்) வைத்துப் பிரியுங்கள். முகவரியின் ஹேஷை வைத்துப் பிரித்தால் ஒரே தளத்தை நான்கு இயந்திரங்கள் தனித்தனியாகத் தட்டும். ஒரு தளம் ஓர் இயந்திரத்துக்கு என்று இருந்தால் இடைவெளிக் கணக்கு, டிஎன்எஸ் கேஷ் (ஏற்கெனவே தேடிய பதில்களின் சேமிப்பு), ரோபோட்ஸ் கோப்பு (கிராலர் எங்கே போகலாம், கூடாது என்று தளம் எழுதி வைப்பது) எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

4. தளம் சொல்வதைக் கேளுங்கள்

ரோபோட்ஸ் கோப்பு பற்றிய விதிகள் 2022இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாக வந்துவிட்டன. மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சேமித்து வைத்த கோப்பை 24 மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது. கோப்பே இல்லை, 404 வருகிறது என்றால் போகலாம். 500 வரிசைப் பிழை (சர்வர் பக்கத்துக் கோளாறு) வந்தால் முழுத் தளமும் தடை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். புதியவர்களின் நிரலில் இந்த மூன்றாவது தலைகீழாக இருக்கும்: "கோப்பு கிடைக்கவில்லை, போகலாம்." தளம் மூச்சுத் திணறும் நேரத்தில்தான் 500 வரும். அப்போது போய் நிற்பது சரியில்லை.

429 (அளவுக்கு மேல் கேட்கிறாய்) அல்லது 503 (இப்போது முடியாது) வந்தால் அதோடு ரிட்ரை ஆஃப்டர் என்ற தலைப்பு (பதிலின் முன்னால் வரும் ஹெடர் வரி) வருகிறதா பாருங்கள். அதிலுள்ள நேரம் முடியும்வரை அந்தத் தளத்தை ஹீப்பில் தள்ளி வையுங்கள். தலைப்பு இல்லை என்றால் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். இதனால் வேகம் குறையாது, ஏனென்றால் அந்த வொர்க்கர் வேறு தளத்துக்குப் போய்விடுகிறது.

நிலையான இடைவெளியைவிட, பக்கம் வந்த நேரத்தைப் பொறுத்து மாறும் இடைவெளி நல்லது. பக்கம் அரை நொடியில் வந்தால் 2 நொடி, 3 நொடி எடுத்தால் 12 நொடி என்று பெருக்கிக்கொள்ளலாம். சர்வர் களைக்கும்போது கிராலரும் தானாகப் பின்வாங்கும்.

இந்தக் கரையில் இருப்பதால் எனக்கு ஒரு கூடுதல் விதி உண்டு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் வானிலைத் தளங்களையும் மாவட்ட அறிவிப்புத் தளங்களையும் கிரால் செய்வதை முழுதாக நிறுத்திவிடுவேன். அந்த நேரத்தில் தங்கச்சிமடத்திலும் ஏர்வாடியிலும் வீட்டுக்கு ஒருவர் போனில் அந்தப் பக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கடலில் ஆள் இருக்கும் வீடு அது. என் தரவு ஒரு வாரம் தாமதமாக வரட்டும்.

5. கனெக்ஷனில் வீணாகும் நேரம்

முதலில் டைம்அவுட் (பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்து கைவிடுவது), ஏனென்றால் இதில் போகும் நேரம் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. பைத்தானில் கிராலர் எழுத உதவும் ஸ்கிரேப்பியில் எதையும் மாற்றாவிட்டால் டைம்அவுட் 180 நொடி. 100 முகவரிகளில் 5 செத்த தளங்களுக்குப் போகிறது என்று வையுங்கள். மீதி 95க்கு 2 நொடி. சராசரியாக ஒரு முகவரி ஒரு கனெக்ஷனைப் பிடித்திருக்கும் நேரம் ஏறக்குறைய 11 நொடி. 100 கனெக்ஷன் இருந்தும் நொடிக்கு 9 தான் முடியும். டைம்அவுட்டை 15 நொடி ஆக்கினால் அதே 100 கனெக்ஷனில் நொடிக்கு 37க்கு மேல் வரும். ஓர் எண்ணை மாற்றியதற்கு நான்கு மடங்கு.

கூடவே, ஒரு தளம் தொடர்ந்து 5 முறை டைம்அவுட் ஆனால் அதன் மொத்த வரிசையையும் சில மணி நேரம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியாக மூன்று முறை முயல்வது, பூட்டிய வீட்டின் கதவை அத்தனை முறை தட்டுவதுதான்.

டிஎன்எஸ்ஸுக்கு அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வரை (பெயர் தேடித் தரும் புரோகிராம்) அதே சர்வரில் நிறுவி, கேஷை வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் இது இன்னும் முக்கியம். ஸ்கிரேப்பி வழக்கமாகப் பெயர் தேடலை 10 த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இழைகள்) கொண்ட ஒரு குழுவில் ஓட்டுகிறது. ஆயிரக்கணக்கான புதிய தளங்கள் வரும்போது அந்த 10 த்ரெட்டின் முன்னால்தான் எல்லாம் நிற்கும். ஒரே தளத்தை இழுக்கும்போது இது தெரியவே தெரியாது. அதனால்தான் சோதனையில் பறந்த கிராலர் உண்மையான ஓட்டத்தில் தவழ்கிறது.

கீப் அலைவ் (ஒரே கனெக்ஷனை மூடாமல் அடுத்த பக்கத்துக்கும் பயன்படுத்துவது) வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தளங்கள் ஓடும் வெப் சர்வர்களில், சும்மா இருக்கும் கனெக்ஷனை அப்பாச்சி வழக்கமாக 5 நொடியில் மூடிவிடும், என்ஜின்எக்ஸ் 75 நொடி வைத்திருக்கும். உங்கள் இடைவெளி 10 நொடி என்றால் அப்பாச்சித் தளங்களில் ஒவ்வொரு முறையும் புதுக் கனெக்ஷன்தான்.

பக்கத்தின் அளவுக்கு ஒரு வரம்பு, உதாரணமாக 5 எம்பி, வையுங்கள். ஹெச்டிஎம்எல் தேடிப்போன இடத்தில் 300 எம்பி வீடியோ வந்தால் தலைப்பைப் பார்த்ததுமே கனெக்ஷனை விட்டுவிடுங்கள். பக்கத்தை ஜிஜிப் முறையில் சுருக்கித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

6. ஒரே பக்கத்தை இரண்டு முறை இழுக்காதீர்கள்

ஒரே பக்கம் பல முகவரிகளில் இருக்கும். # குறிக்குப் பின்னால் வருவது, விளம்பரத் தடம் பிடிக்கும் யூடிஎம் துணுக்குகள், செஷன் எண்கள் ஆகியவற்றை நீக்குங்கள். டொமைனைச் சிற்றெழுத்து ஆக்குங்கள்.

தமிழ் முகவரிகளில் இதற்கு மேல் வேலை இருக்கிறது. முகவரியில் தமிழ் வந்தால் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப் 8இல் 3 பைட், சதவீதக் குறியில் (பைட்டுக்கு % உடன் இரண்டு எழுத்து) எழுதும்போது 9 எழுத்து ஆகும். "பாம்பன்" என்ற ஒரு சொல் 63 எழுத்து. சில தளங்கள் அந்தக் குறியைப் பெரிய எழுத்தில் தரும், சில சிறிய எழுத்தில் தரும், சில தமிழாகவே தரும். மூன்றும் ஒரே பக்கம்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. "தொண்டி" என்ற ஊர்ப் பெயரில் உள்ள "தொ"வை, த-வுடன் ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. என்எஃப்சி என்ற யூனிகோட் சீர் வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். ஆனால் கவனம்: இந்தச் சுத்தம் எல்லாம் "பார்த்தாயிற்றா" என்று சோதிக்கும் சாவிக்கு மட்டும். இழுக்கப் போகும்போது தளம் கொடுத்த முகவரியையே அனுப்புங்கள். பழைய வடிவில் சேமித்த சர்வர், மாற்றிய வடிவத்துக்கு 404 தரும்.

பார்த்த முகவரிகளைப் பைத்தான் செட்டில் முழுச் சரங்களாகப் போட்டால் 1 கோடி முகவரிக்கு 1 ஜிபிக்கு மேல் போய்விடும். புளூம் ஃபில்டர் (முகவரியை வைக்காமல் அதன் தடத்தை மட்டும் சில பிட்களில் குறிக்கும் முறை), 100க்கு 1 பிழை என்ற அளவில், அதே 1 கோடியை 12 எம்பியில் அடக்கும். ஆனால் அந்தப் பிழை என்பது, பார்க்காத பக்கத்தைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி விட்டுவிடுவது. சின்னத் தளத்தின் ஒரே முக்கியமான பக்கம் அப்படிப் போவதை நான் விரும்புவதில்லை. சில கோடிகள் வரை முகவரியின் 64 பிட் ஹேஷை வைத்துக்கொள்ளுங்கள்; கோடிக்கு 80 எம்பிதான், அதுவும் ராக்ஸ்டிபியில் வைக்கலாம். நூறு கோடி என்று போகும்போது புளூம் ஃபில்டரை யோசியுங்கள்.

அப்புறம் பொறிகள். மீன் விலைப் பக்கத்தில் "முந்தைய நாள்" என்று ஒரு லிங்க் இருக்கும். தரவு இல்லாத நாளுக்கும் வெற்றுப் பக்கம் வரும், அதிலும் "முந்தைய நாள்" இருக்கும். கிராலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு 1900 வரை போகும். ஒரே அச்சில் வரும் முகவரிகளை எண்ணுங்கள். தொடர்ந்து 50 பக்கம் உள்ளடக்கம் மாறாமல் வந்தால் அந்த அச்சை நிறுத்துங்கள்.

7. இழுப்பது வேறு, பிரிப்பது வேறு

வலை இழுக்கும் ஆளையே மீனைத் தரம் பிரிக்கவும் நிறுத்தினால் வலை நின்றுவிடும். பக்கத்தை இழுக்கும் புரோசஸ் காத்திருப்பதில் நேரம் கழிக்கும். பாகுபடுத்தும் புரோசஸ் சிபியுவைத் தின்னும். ஒரே பைத்தான் புரோசஸில் இரண்டையும் வைத்தால், ஒரு பெரிய பக்கத்தைப் பாகுபடுத்தும் நேரத்தில் மற்ற எல்லாக் கனெக்ஷனும் கவனிப்பார் இல்லாமல் நிற்கும்; டைம்அவுட்கூட ஆகும். லிங்க்குகளை மட்டும் எல்எக்ஸ்எம்எல் போன்ற வேகமான நூலகத்தால் எடுத்துவிட்டு, மூலப் பக்கத்தை அப்படியே சேமியுங்கள். மீதியைத் தனிப் புரோசஸ் பிறகு பார்க்கட்டும்.

மூலத்தைச் சேமிப்பதற்குத் தமிழில் இன்னொரு காரணம் உண்டு. பழைய தளங்கள் சில இன்னும் டிஸ்கி, டாப், பாமினி எழுத்துருக் குறிமுறைகளில் இருக்கின்றன. பாகுபடுத்தி உரையை மட்டும் வைத்தால் குப்பைதான் மிஞ்சும். மூலம் இருந்தால், குறிமுறை மாற்றும் நிரல் சரியான பிறகு மறுபடி ஓட்டலாம். தளத்துக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை.

பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று எழுதாதீர்கள். 20 லட்சம் சின்னக் கோப்புகளை நகலெடுக்கவே ஒரு நாள் போகும். வார்க் வடிவத்தில் (பல பக்கங்களை ஒரே கோப்பில் அடுக்கும் வடிவம்) 1 ஜிபி அளவுக் கோப்புகளாகச் சேருங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் தளம் என்றதும் தலையில்லா பிரவுசரை (திரை இல்லாமல் பின்னால் ஓடும் பிரவுசர்) திறக்காதீர்கள். பிரவுசரின் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, பக்கம் பின்னால் எந்த ஜேசன் தரவைக் கேட்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதை நேரே கேட்கலாம்.

8. மெல்ல ஏற்றுங்கள்

இப்போதுதான் கனெக்ஷன் எண்ணிக்கையைத் தொட வேண்டும். 20இல் தொடங்கி, ஒரு மணி நேரம் ஓட்டி, 2ஆம் படியின் எண்களைப் பாருங்கள். பிறகு 40, 80. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரட்டிப்பாக்கியும் பக்க எண்ணிக்கை ஏறவில்லை என்றால் முந்தைய எண்ணுக்குத் திரும்பி, எந்தத் துண்டு நீண்டது என்று தேடுங்கள். 429 பதில்கள் கூடினால் அதுவே எல்லை.

9. இரண்டாவது சுற்று

முதல் சுற்றில் இடேக் (பக்கத்தின் பதிப்புக்கு சர்வர் தரும் அடையாளம்), கடைசியாக மாறிய நேரம் இரண்டையும் சேமித்திருந்தால், இரண்டாம் சுற்றில் அதைச் சொல்லிக் கேட்கலாம். மாறவில்லை என்றால் 304 மட்டும் வரும், பக்கம் வராது. சைட்மேப்பில் உள்ள மாறிய தேதியை முழுதாக நம்பாதீர்கள். எல்லாப் பக்கத்துக்கும் இன்றைய தேதி போடும் தளங்கள் நிறைய.

எத்தனை நாளுக்கு ஒரு முறை திரும்பிப் போவது? மாறியிருந்தால் இடைவெளியைப் பாதியாக்கு, மாறவில்லை என்றால் இரட்டிப்பாக்கு என்பது எளிய, நல்ல விதி. ஆனால் உச்சத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது விசைப்படகு வரத்துப் பக்கங்கள் மாறாமலே கிடக்கும். வரம்பு இல்லாமல் விட்டால் இடைவெளி 1, 2, 4, 8, 16, 32 நாள் என்று ஏறிவிடும். படகுகள் திரும்பக் கிளம்பி, முதல் மீன்பாடு இறங்கி, விலை தினமும் மாறும் வாரத்தில் கிராலர் தூங்கிக்கொண்டிருக்கும். நான் உச்சத்தை 7 நாள் என்று வைத்திருக்கிறேன். ஜூன் 14 இரவு அந்தப் பக்கங்களின் இடைவெளியைக் கையால் ஒரு நாளுக்கு இறக்கிவிடுகிறேன்.